வெந்த முதுகும் வேகாத சட்டையும்

சட்டை எரியவில்லை. சட்டைக்குள் இருந்த ஆள் வெந்து போயிருந்தார். காலையிலிருந்து வாலுவின் மண்டையைக் குடைந்துகொண்டிருந்தது இந்த ஒரு கணக்குத்தான்.

வாலு என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. மேடம் போகிற இடமெல்லாம் பின்னாலேயே போவதால் யாரோ வைத்தது, அப்படியே ஒட்டிக்கொண்டது. முப்பத்தைந்து வயதில் இந்தப் பெயரோடு அலைகிறோமே என்கிற வெட்கம் அவனுக்குக் கொஞ்சம்கூடக் கிடையாது. மேடம் வேறு ரகம். தீ விபத்துக்கு நஷ்ட ஈடு தருகிற இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பாதி ஆயுளைக் கழித்தவர். எரிந்துபோன குடோனுக்குள் போய், இது தானாக எரிந்ததா, எரிய வைத்ததா என்று மோப்பம் பிடிப்பதுதான் அவர் வேலை. ஓய்வு பெற்றதும் வீட்டு முன்னறையில் மேஜை ஒன்றைப் போட்டுத் துப்பறியும் ஆபீஸ் ஆரம்பித்துவிட்டார்.

இன்று விடிந்தும் விடியாததுமாக அந்த மேஜைக்கு எதிரே வந்து உட்கார்ந்தவள், காட்டுத்தீ அணைக்கும் படையின் ஸ்டோர்க்காரி. படையிலிருக்கும் எல்லாருக்கும் சட்டை, பூட்ஸ், ஹெல்மெட் எடுத்துக் கொடுப்பவள். நேற்று மலையில் காற்று திரும்பியபோது மாட்டிக்கொண்டு, அடிவார ரோட்டோரம் விழுந்து கிடந்து, இப்போது ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் இருப்பது அவள் கணவன்.

"சட்டையில ஒரு பொத்தல் இல்லையாம் மேடம். ஆனா முதுகு மொத்தமும் வெந்துடுச்சாம். துணி போலி, நான் பார்க்காம வாங்கிட்டேன்னு சொல்றாங்க. அந்தத் துணியை நான்தான் சோதிச்சு எடுத்தேன். அவர் நம்பிப் போட்டாரு." அழுது முடித்த குரல் அது. "என் துணிதான் அவரைப் பொசுக்கிச்சா, இல்லையா? அது ஒண்ணு மட்டும் சொல்லுங்க. எதுவா இருந்தாலும் தாங்கிக்கறேன்."

தாங்கிக்கொள்ள மாட்டாள் என்று வாலுவுக்குத் தோன்றியது. மேடத்துக்கும் தோன்றியிருக்கும். செருப்பை மாட்டிக்கொண்டு எழுந்துவிட்டார்.

மலையடிவாரத்தில் படையின் முகாம். தகரக் கொட்டகை, தண்ணீர் லாரி, சுவரில் வரிசையாகச் சாய்த்து வைத்த மண்வெட்டிகள். எல்லாவற்றின் மேலும் சாம்பல் பொடியாக இறங்கிக்கொண்டிருந்தது. மலையின் மேல்பாதி புகைக்குள் இருந்தது. கேட்டுக்கு வெளியே மரத்தடியில் ஒரு மோட்டார் பைக், நேற்றிலிருந்தே நிற்கிறது போல, சாம்பல் போர்த்திக்கொண்டு நின்றது. வாலு தன் பங்குக்கு அதன் பெட்ரோல் டேங்கில் விரலால் 'என்னைக் குளிப்பாட்டுங்க' என்று எழுதிவிட்டு உள்ளே போனான்.

உள்ளே சிரிக்கிற நிலைமையில் யாரும் இல்லை. படையில் இருந்தவர்கள் எல்லாரும் வெறும் பனியனோடு உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுடைய மஞ்சள் சட்டைகள் முற்றத்து நடுவில் குவியலாகக் கிடந்தன. கழற்றி எறிந்திருந்தார்கள். ஸ்டோர் கதவில் இன்ஸ்பெக்டர் அரக்கு உருக்கி சீல் வைத்துக்கொண்டிருந்தார்.

"துணிக்கு லேப் ரிப்போர்ட் வர்ற வரைக்கும் ஒருத்தரும் மேல போகக் கூடாது" என்றார் அவர். "பக்கத்து ஊர்ப் படை சாயங்காலம் வந்துடும். அவங்க பார்த்துக்குவாங்க."

"சாயங்காலம் காத்து திரும்பும்னு ரேடியோவுல சொன்னாங்களே" என்றார் மேடம்.

"அதுக்கு நான் என்ன செய்யட்டும்? போலிச் சட்டையோட அனுப்பி இன்னும் நாலு பேரை வேக வைக்கட்டுமா? இந்தப் படை லீடரே சொல்லிட்டாரு, துணிதான் காரணம்னு. அவரை விட யாருக்குத் தெரியும்?"

ஸ்டோர்க்காரி தலை குனிந்து நின்றாள். முந்தாநாள் வரை அவளை அண்ணி, அண்ணி என்று சுற்றி வந்தவர்கள் இப்போது அவள் பக்கம் திரும்பவே இல்லை. வாலுவுக்கு எரிச்சலாக வந்தது. அதைப் பேச்சில் காட்டினால் அடி விழும் என்பதால் அடக்கிக்கொண்டான்.

மேடம் நேராகக் குவியலுக்குப் போய் ஒரு சட்டையை எடுத்தார். பிரித்துப் பிடித்து வெளிச்சத்தில் பார்த்தார்.

"இவ்வளவு மெல்லிசா இருக்கு? நெருப்புக்குள்ள போறவங்களுக்குக் கெட்டியாத்தானே இருக்கணும்?"

"கெட்டியாக் குடுத்தா ஆளு செத்துடுவாரு மேடம்." துணியைப் பற்றிக் கேட்டதும் ஸ்டோர்க்காரிக்குக் குரல் நிமிர்ந்தது. "நகரத்துல வீடு எரிஞ்சா போறாங்களே, அவங்க கொஞ்ச நேரம் உள்ள போயிட்டு வந்துடுவாங்க. அவங்களுக்குக் கோட்டு சரி. இவங்க காலையிலேர்ந்து பொழுது சாயற வரைக்கும் மலையில மண்ணு வெட்டறவங்க. உடம்புச் சூடு வெளியே போகலைன்னா, நெருப்பு தொடறதுக்கு முன்னாடியே சுருண்டு விழுந்துடுவாங்க. அதான் மெல்லிசு. ஆனா தொளதொளன்னு இருக்கணும். துணிக்கும் தோலுக்கும் நடுவுல நிக்குது பாருங்க காத்து, அதுதான் பாதிக் காவல்."

"மீதிப் பாதி?"

"துணி. அது எரியாது. கருகும், அவ்வளவுதான்."

மேடம் கையை நீட்டினார். வாலு சட்டைப்பையிலிருந்து லைட்டரை எடுத்துக் கொடுத்தான். சிகரெட்டை விட்டு இரண்டு வருஷம் ஆகிறது. லைட்டரை விட மனசு வரவில்லை. மேடம் சட்டையின் அடி ஓரத்தில் சுடரைப் பிடித்தார். துணி கறுத்தது, சுருங்கியது. சுடரை எடுத்ததும் ஒரு பொறிகூட மிச்சமில்லாமல் அணைந்தது. இன்னொரு சட்டையை எடுத்தார். அதுவும் அப்படியே. மூன்றாவதும் அப்படியே.

"இன்ஸ்பெக்டர் சார், உங்க லேப் முடிஞ்சுது."

"லைட்டரும் காட்டுத்தீயும் ஒண்ணா மேடம்?"

மேடம் லைட்டரை வாலுவிடம் திருப்பிக் கொடுத்தார். வேறு கேள்விக்குத் தாவினார். பனியன்காரர்களில் மரம் அறுக்கிற ஆள் ஒருவன் இருந்தான். ரம்பம் என்று கூப்பிட்டார்கள். பேச்சில் ஆள் ரம்பம் இல்லை, கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னான்.

"நேத்து எல்லாரும் இறங்கிட்டாங்கன்னு எப்படித் தெரிஞ்சுக்கிட்டீங்க?"

"எண்ணுவோம். வரிசையா இறங்குவோம். எல்லா மூஞ்சியும் கரியா இருக்கும், புகையில அடையாளம் தெரியாது. அதனால முதுகைத்தான் பார்ப்போம். சட்டை முதுகுல பேரு எழுதியிருக்கும். கடைசியா வர்றவர் முன்னாடி போற முதுகுங்களை எண்ணுவாரு."

"கடைசியா வந்தது யாரு?"

"எப்பவும் பூட்டு அண்ணன்தான்." ரம்பம் ஸ்டோர்க்காரியை ஓரக்கண்ணால் பார்த்தான். "அண்ணியோட வீட்டுக்காரர். கழுத்துப் பொத்தான் வரைக்கும் போட்டுட்டுத்தான் மலை ஏறுவாரு. எங்களையும் விடமாட்டாரு. காலையில காலரைப் பிடிச்சு இழுத்து, உள்ள நைலான் பனியன் கினியன் போட்டிருக்கோமான்னு பார்ப்பாரு. பருத்தி இல்லேன்னா கழட்டச் சொல்லுவாரு. அதான் பூட்டுன்னு பேரு."

"சரி. எல்லார் முதுகையும் அவர் எண்ணறாரு. அவர் முதுகை யார் எண்ணறது?"

ரம்பம் சுற்றியிருந்தவர்களைத் திரும்பிப் பார்த்தான்.

"அவர்தான் கிடைச்சுட்டாரே" என்றான் கடைசியில், தனக்கே சொல்லிக்கொள்வதுபோல. "ரோட்டோரம் கிடந்தாரு. சட்டையில பேரைப் பார்த்துத்தானே ஆம்புலன்ஸ்காரங்க எங்களுக்குச் சொன்னாங்க."

மேடம் காரை நோக்கி நடக்க ஆரம்பித்தார். அவர் இவ்வளவு வேகமாக நடந்து வாலு பார்த்ததில்லை.

ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியெல்லாம் ஸ்டோர்க்காரி பின்சீட்டில் கைகளை மடியில் கோத்தபடி வந்தாள். "என்னை உள்ள விட மாட்டாங்க" என்றாள். "நேத்தே போனேன். லீடர் வாசல்ல மறிச்சுட்டாரு. உன் துணியால வெந்து கிடக்கறவன் முன்னாடி எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டுப் போய் நிப்பேன்னு கேட்டாரு. அப்படியே திரும்பிட்டேன்."

"இன்னும் நீங்க அவரைப் பார்க்கவே இல்லையா?" என்றான் வாலு.

"இல்ல."

மேடம் கண்ணாடி வழியாக அவளை ஒரு தடவை பார்த்தார். ஆஸ்பத்திரி வந்ததும் அவளைக் காரிலேயே இருக்கும்படி சொல்லிவிட்டு இறங்கினார்.

தீக்காய வார்டு கட்டிடத்தின் பின்பக்கம் இருந்தது. இரண்டு கதவு தாண்டித்தான் உள்ளே. முதல் கதவுக்கு வெளியே பெஞ்சில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். நரைத்த மீசை, உழைத்து இறுகிய தோள், கண்ணுக்குக் கீழே கரி இன்னும் கழுவப்படாமல் இருந்தது. முட்டியைத் தொடுகிற நீளத்துக்குத் தொங்கிய மஞ்சள் சட்டை. காலடியில் ஒரு கான்வாஸ் பை. இவர்தான் லீடர் என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"அந்தப் பொம்பளையைக் கூட்டிட்டு வரலையே?" என்றார் அவர், வணக்கத்துக்குப் பதிலாக.

"கார்ல இருக்கா. வர மாட்டா" என்றார் மேடம்.

"வரக் கூடாது. என் தம்பி மாதிரி அவன். நேத்துலேர்ந்து இந்த இடத்தை விட்டு நகரலை நான்." லீடருக்குக் குரல் கம்மியது. நடிப்பு இல்லை. அதில்தான் வாலு கொஞ்சம் ஏமாந்துபோனான்.

"நாங்க சட்டையைப் பார்த்துட்டுப் போயிடறோம்" என்று மேடம் பணிவாகச் சொல்லிவிட்டுப் பக்கத்து அறைக்குள் நுழைந்தார்.

அங்கே இருந்த நர்ஸ், பேச ஆள் கிடைக்காமல் தவித்துக்கொண்டிருந்தவர் போல இருந்தார். பிளாஸ்டிக் கவரிலிருந்து சட்டையை எடுத்து மேஜையில் விரித்தார். உடம்பிலிருந்து எடுப்பதற்காகக் கத்தரிக்கோலால் நடுவில் வெட்டியிருந்தார்கள். முதுகில் பெரிய எழுத்தில் பேர் இருந்தது. ஓரங்களில் லேசாகக் கருகல். மற்றபடி துணி திடமாக இருந்தது.

"பாருங்க, இஸ்திரி போட்டா இன்னொரு தடவை போட்டுக்கலாம்" என்றார் நர்ஸ். "ஆனா உள்ள முதுகைப் பார்த்தா தாங்க முடியலை. நெருப்பு பட்ட மாதிரி கருகலே இல்ல. கொதிக்கிற தண்ணி ஊத்தின மாதிரி இருக்கு."

மேடம் மெல்ல நிமிர்ந்தார். "கொதிக்கிற தண்ணியா?"

"டாக்டரும் அதான் சொன்னாரு. ஆவியில வெந்த புண்ணு மாதிரின்னு."

"ஆள் வந்தப்ப சட்டை ஈரமா இருந்துதா சிஸ்டர்?"

"சொட்டச் சொட்ட இல்ல. ஆனா நல்லா நசநசன்னு ஈரம். வேர்வைன்னு நினைச்சோம்."

"வாலு, உனக்குப் பக்கத்துல திடீர்னு காடு பத்திக்கிச்சு. ஓடைக்குப் பக்கத்துல நிக்கறே. என்ன பண்ணுவே?"

"முதல்ல கத்துவேன். அப்புறம் சட்டையைத் தண்ணியில முக்கிப் போட்டுட்டு ஓடுவேன்."

"எல்லாரும் அதைத்தான் பண்ணுவாங்க. ஈரத்துணி காப்பாத்தும்னு நினைப்போம். கொஞ்ச நேரம் காப்பாத்தும். அப்புறம் சூட்டுல அந்த ஈரம் ஆவியாகும். ஆவிக்கு வெளியே போக வழியில்லேன்னா உள்பக்கம்தான் வரும். அதோட ஈரத்துணி முதுகோட ஒட்டிக்கும். அந்தம்மா சொன்ன காத்து, அதுவும் போச்சு." மேடம் சட்டையைத் தொட்டார். "துணி தன் வேலையை ஒழுங்காத்தான் பண்ணியிருக்கு. ஆளைக் கொன்னது தண்ணி. கொல்லப் பார்த்ததுன்னு வச்சுக்கோ."

"அப்ப ஸ்டோர் அக்கா மேல தப்பில்ல" என்றான் வாலு. அவனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "போய்ச் சொல்லிடலாமா?"

"இரு. காலரைப் பிடிச்சு இழுத்து, என்ன பனியன்னு பார்க்கற மனுஷன் சட்டையை ஓடையில முக்குவாரா?" மேடம் நர்ஸ் பக்கம் திரும்பினார். "உள்ள பனியன் என்ன போட்டிருந்தாரு?"

"அதை ஏன் கேக்கறீங்க. உருகித் தோலோட ஒட்டிக்கிச்சு. நீலக் கலர். விளையாடறவங்க போடற வழவழ பனியன் மாதிரி. துண்டு துண்டா எடுத்தோம்."

"கையில புண்ணு?"

"முழங்கைக்குக் கீழதான். மேல ஒண்ணும் இல்ல. சட்டையை முழங்கை வரைக்கும் சுருட்டி விட்டிருந்தாரு."

கழுத்துப் பொத்தானைக்கூடத் திறக்காத மனிதன். நைலான் போட்டவனைக் கழற்ற வைக்கிற மனிதன். அவர் கையைச் சுருட்டிக்கொண்டு, நைலான் போட்டுக்கொண்டு, சட்டையை நனைத்துக்கொண்டு நெருப்புக்குள் ஓடினாரா? மூன்றையும் ஒரே நாளில் செய்தாரா?

"மேடம்" என்றான் வாலு. "முகாம் வாசல்ல ஒரு பைக் நின்னுச்சு. சாம்பல் மூடி. படை லாரியிலதானே வரும்? பைக்ல யாரு வந்தது?"

"எழுந்து போய் எடுத்துட்டுப் போக முடியாத யாரோ" என்றார் மேடம். பிறகு நர்ஸிடம், மிகச் சாதாரணமாக, "பேண்டும் பூட்ஸும் எங்க சிஸ்டர்?" என்றார்.

"அதை நேத்தே லீடர் சார் வாங்கிட்டாரே. ராத்திரி உள்ள போய்ப் பார்த்தாரு. வெளியே வந்ததும், பேண்டையும் ஷூவையும் குடுங்க, படையோட பொருள்னு கேட்டு வாங்கிக்கிட்டாரு. சட்டை மட்டும் போலீஸுக்கு வேணும்னு சொல்லி இதை இங்கேயே விட்டுட்டாரு."

"ஷூவா, பூட்ஸா?"

"துணி ஷூதான். அடி ரப்பர் உருகி வழிஞ்சிருந்தது. பேண்டு ஜீன்ஸ்."

மேடம் சட்டையை மடித்து நர்ஸ் கையில் வைத்தார்.

வெளியே லீடர் அதே இடத்தில் இருந்தார். மேடம் அவர் எதிரில் நின்றார்.

"தலைவரே, துணி போலிதான்னு உறுதியாச் சொல்றீங்களா?"

"சத்தியமா. இருபது வருஷமா இந்த வேலையில இருக்கேன்."

"உங்க ஆளுங்க எல்லாரும் பயந்து சட்டையைக் கழட்டி எறிஞ்சுட்டாங்க. எல்லாம் ஒரே மூட்டையில வந்த துணி." மேடம் குரலை உயர்த்தவே இல்லை. "துணி ஆளைக் கொல்லுதுன்னு ஊரெல்லாம் சொல்ற நீங்க மட்டும் ஏன் அதை நேத்துலேர்ந்து கழட்டலை?"

லீடர் குனிந்து தன் மார்பைப் பார்த்தார். அந்தச் சட்டை தன் மேல் இருப்பதையே அப்போதுதான் கவனித்தவர் போல இருந்தது.

"ஏன்னா துணியில தப்பில்லேன்னு உங்களுக்குத் தெரியும். உள்ள கிடக்கறது பூட்டு இல்லேன்னும் தெரியும். வாலு, அந்தப் பையைத் திற."

வாலு குனிந்தான். லீடர் காலை நகர்த்தி மறைக்கப் பார்த்தார். பிறகு அப்படியே விட்டுவிட்டார். பைக்குள் சுருட்டி வைத்த ஜீன்ஸ் துண்டுகள், அடி உருகிய ஒரு ஜோடி துணி ஷூ.

"உள்ள போறதுக்கு முன்னாடி வரைக்கும் எனக்கு நிஜமாவே தெரியாது" என்றார் லீடர். "சட்டையில பேரு இருந்துது. நம்பினேன். உள்ள ஆளைக் குப்புறப் படுக்க வச்சிருந்தாங்க, மூஞ்சி தெரியலை. கட்டில் கால்மாட்டுல இந்தத் துணிங்களைப் பார்த்ததும்தான்... எல்லாரும் இறங்கியாச்சுன்னு ஒயர்லெஸ்ல சொன்னது நான் மேடம். இறங்கும்போது ஓடைத் திருப்பத்துல பூட்டு நின்னுட்டான். யாரோ கத்தற சத்தம் கேக்குதுன்னான். வா, வான்னு சொல்லிட்டு நான் நடந்துட்டேன். திரும்பிப் பார்க்கலை."

"அப்பவே சொல்லியிருக்கலாமே. ராத்திரியே தேடியிருக்கலாம்."

"அதுக்குள்ள அந்தப் பக்கம் முழுக்க எரிஞ்சு முடிஞ்சிருக்கும். அவன் போயிருப்பான்னு நினைச்சேன்."

"நினைச்சீங்களா, வேண்டிக்கிட்டீங்களா?"

லீடர் முகத்தைக் கைகளில் புதைத்துக்கொண்டார். வாலுவுக்கு அவரை அடிக்க வேண்டும் போலவும் இருந்தது, பார்க்கச் சகிக்காமலும் இருந்தது. இந்த மனிதர் துணியின் மேல் பழியைப் போட்டார். ஸ்டோருக்குச் சீல் விழுந்தது. படை கீழேயே உட்கார்ந்தது. ஒருவரும் மலைக்குப் போகவில்லை. உயிரோடு ஒருவர் மேலே இருந்தால், அவரைத் தேட ஊரில் ஒரு நாதி இல்லை. எல்லார் கணக்கிலும் அவர்தான் கிடைத்துவிட்டாரே.

மேடம் இன்ஸ்பெக்டரின் எண்ணைப் போட்டு போனை லீடரிடம் நீட்டினார். "நீங்களே சொல்லுங்க. ஓடைத் திருப்பம் எங்க இருக்குன்னும் சேர்த்துச் சொல்லுங்க."

காரில் ஸ்டோர்க்காரி இருந்தாள். கண்ணாடியை இறக்கிக் காத்திருந்தாள். மேடம் கதவைத் திறந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"உன் துணி நல்ல துணிம்மா. ஒரு குறையும் இல்ல."

அவள் கண்ணை மூடினாள். நேற்றிலிருந்து பிடித்து வைத்திருந்த மூச்சு மொத்தமாக வெளியே வந்தது. ஒரே ஒரு நிமிஷம் அவளை அந்த நிம்மதியில் விட்டுவைக்கலாமே என்று வாலுவுக்கு இருந்தது. மேடம் விடவில்லை.

"ஆனா உள்ள இருக்கறது உன் வீட்டுக்காரர் இல்ல. அவரோட சட்டையைப் போட்டிருந்த வேற யாரோ. மலையில மாட்டிக்கிட்ட ஆளா இருக்கணும்."

அவள் விழித்தாள். முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது. அவள் முகத்தில் முதலில் வந்தது சந்தோஷம்தான், அது பாதி வரும்போதே உடைந்தது.

"அப்ப அவரு மேல... சட்டை இல்லாம..."

"ஆமாம்மா."

"வண்டியை எடுங்க" என்றாள்.

இவர்கள் போய்ச் சேரும்போது முகாமில் செய்தி பரவியிருந்தது. இன்ஸ்பெக்டர் வைத்த சீலை அவரே உடைத்துக்கொண்டிருந்தார். படை எழுந்து நின்றது. ஆனால் முற்றத்துக் குவியலிலிருந்து சட்டையை எடுக்க ஒரு கையும் முதலில் நீளவில்லை. நேற்றிலிருந்து அந்தத் துணியை எமனாகப் பார்த்துப் பயந்தவர்கள். மேடம் சொன்னது காதில் விழுந்தாலும் உடம்பு கேட்கவில்லை. மலைமேல் புகை அடர்ந்துகொண்டிருந்தது.

ஸ்டோர்க்காரி குவியலிலிருந்து ஒன்றை எடுத்து மாட்டிக்கொண்டாள். கழுத்துப் பொத்தான் வரை போட்டாள். வாலுவிடம் கையை நீட்டினாள். அவன் மேடத்தைப் பார்த்தான். மேடம் வேண்டாம் என்று சொல்லவில்லை. லைட்டரைக் கொடுத்தான்.

அவள் இடது கையை நீட்டி, தொளதொளவென்று தொங்கிய துணிக்கு அடியில் சுடரைப் பிடித்தாள். துணி கறுத்தது. அவள் அசையவில்லை. சுடரை எடுத்தபோது கருகிய வட்டம் மட்டும் இருந்தது. சட்டைக் கையை மேலே சுருட்டி அந்த இடத்தை எல்லாருக்கும் காட்டினாள். உள்ளே தோல் வெறும் தோலாகத்தான் இருந்தது.

"போடுங்கப்பா. அவரு காத்துக்கிட்டு இருக்காரு."

ரம்பம்தான் முதலில் வந்தான். "மன்னிச்சுடுங்க அண்ணி" என்றான். அவள் ஒரு சட்டையை உதறி அவனிடம் கொடுத்தாள். அடுத்தவனுக்கு ஒன்று. அடுத்தவனுக்கு ஒன்று. லாரி கிளம்பியபோது முற்றத்தில் ஒரு சட்டைகூட மிச்சமில்லை.

பிறகு காத்திருப்பு. உலகத்தில் இதைவிடக் கொடிய வேலை வேறெதுவும் இல்லை என்று வாலு அன்றைக்கு முடிவு கட்டினான். ஒயர்லெஸ் அறை ஒரு குட்டி அறை. மேஜை மேல் பெட்டி, ஒரு மைக், ஒரு ஃபேன். ஸ்டோர்க்காரி பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்தாள். லீடரைப் போலீஸ் ஜீப்பில் கொண்டுவந்து ஜன்னலுக்கு வெளியே நிறுத்தியிருந்தார்கள். வழி கேட்டால் சொல்வதற்காக. ஒரு தடவை கேட்டார்கள், சொன்னார். ஆஸ்பத்திரியிலிருந்து நர்ஸ் மேடத்துக்கு போன் செய்தார். பேர் தெரியாத அந்த ஆள் கண் திறந்துவிட்டார், இன்றைய பொழுதைத் தாண்டிவிட்டால் பிழைத்துக்கொள்வார் என்றார். பெட்டியில் கரகரப்பு மட்டும் வந்துகொண்டிருந்தது. ஓடைத் திருப்பத்தை அடைந்துவிட்டோம் என்றார்கள். யாரும் இல்லை என்றார்கள். மேலே பாறைச் சரிவைப் பார்க்கிறோம் என்றார்கள். அப்புறம் வெகுநேரம் ஒன்றுமே இல்லை.

வெளியே மரக்கிளைகள் திசை மாறி அசையத் தொடங்கின. வாலு அதைப் பார்த்தான். பார்த்ததை யாரிடமும் சொல்லவில்லை.

"அண்ணி." ரம்பத்தின் குரல், மூச்சு வாங்க. "அண்ணி, கேக்குதா?"

அவள் மைக்கைப் பிடித்தாள். பொத்தானை அழுத்த மறந்துவிட்டாள். மேடம் அவள் விரலின் மேல் தன் விரலை வைத்துப் பொத்தானை அழுத்தினார். "கேக்குது, சொல்லுப்பா."

"கிடைச்சுட்டாரு. பாறை இடுக்குல. கால் உடைஞ்சிருக்கு, தோள்பட்டை வெந்திருக்கு. உசிரோட இருக்காரு அண்ணி. பேசறாரு. இருங்க, உங்ககிட்ட ஏதோ கேக்கணுமாம்."

கரகரப்பு. ஏதோ இழுபடுகிற சத்தம். பிறகு வறண்டு, உடைந்து, ஆனால் சந்தேகமில்லாமல் ஒரு குரல் வந்தது. ஸ்டோர்க்காரி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஓடையில ஒரு ஆளு நின்னாரு. உள்ள நைலான் போட்டிருந்தாரு. கழட்டுய்யான்னா பயத்துல காது கேக்கலை. என் சட்டையைக் குடுத்து இறக்கி விட்டேன்." இருமல். நீண்ட இருமல். "அவரு வந்து சேர்ந்துட்டாரா?"

ஜன்னலுக்கு வெளியே லீடர் சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டார். வாலு அந்தப் பக்கம் பார்க்கவில்லை. அவன் கண்ணிலிருந்து வழிந்துகொண்டிருந்தது, துடைக்கவும் தோன்றவில்லை.

ஸ்டோர்க்காரி கையை எடுத்தாள். இந்தத் தடவை பொத்தானை அவளே அழுத்தினாள்.

"சேர்ந்துட்டாரு" என்றாள். "உசிரோட இருக்காரு. நீங்க வாங்க."